மூத்தவன் பிழைப்பானா?

பீங்கான் ஆலை கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் சுவர் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். இந்த வீட்டில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் கண்ணாடி கீழே விழும். சுவருக்கும் காது உண்டு என்று மற்றவர்கள் பழமொழி சொல்வார்கள். இங்கே அது குடியிருப்பு விவரம். போதாக்குறைக்குக் கடைசி வீட்டில் ஆலை மேற்பார்வையாளர் இருந்தார். அதனால் ஆலையைப் பற்றி வரிசையில் யாரும் நல்லதும் பேசுவதில்லை, கெட்டதும் பேசுவதில்லை. நல்லது பேசினால் பக்கத்து வீட்டுக்காரி முறைப்பாள். கெட்டது பேசினால் வீடு போய்விடும்.

ஆனால் வாய் என்று ஒன்றை வைத்துக்கொண்டு மனிதர்கள் எத்தனை நாள்தான் சும்மா இருப்பார்கள்? அந்த நேரத்தில்தான் எட்டு மணி நாடகம் வந்தது.

அதற்குப் பெயர் ஏதோ உண்டு. வரிசையில் எல்லோருக்கும் அது 'எட்டு மணி'தான். பெரிய தொலைக்காட்சிப் பெட்டி தையல்காரம்மா வீட்டில் இருந்தது. எங்கோ ஒரு விடுதிக்கு மொத்தமாகத் திரைச்சீலை தைத்துக் கொடுத்த கூலியில் வாங்கியது. பெண்கள் சாப்பாட்டுக் கடையை முடித்துக்கொண்டு வந்து, தைக்க வந்த துணி மூட்டைகள் மேலேயே உட்கார்ந்துவிடுவார்கள். ஆண்களுக்கு நாடகம் பார்ப்பது கௌரவக் குறைச்சல். அவர்கள் ஜன்னலுக்கு வெளியே காற்று வாங்குகிற சாக்கில் நின்று, ஒரு காட்சி விடாமல் பார்த்தார்கள்.

கதை ஒரு கல்மாவு ஆலையைப் பற்றியது. மூத்தவன் அங்கே வேலை செய்து நெஞ்சு கெட்டுப் படுத்துவிட்டான். அண்ணன் இடத்துக்கு இளையவன் வேலைக்குப் போகிறான். முதலாளி மேல் வழக்குப் போடலாமா, கூடாதா என்று மூத்தவன் பெண்டாட்டி தவிக்கிறாள். அவள் நீதிமன்றப் படியில் ஒரு காலை எடுத்து வைக்கவே மூன்று வாரம் ஆயிற்று. எழுதினவன் எங்கேயோ குளுகுளு அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பான். இந்த வரிசை இருப்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் முதல் நாள் திரையில் மூத்தவன் இருமியபோது அறையில் ஒருத்தரும் தையல்காரம்மா பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க எல்லோரும் பாடுபட்டார்கள்.

ஏனென்றால் உள்ளறைக் கட்டிலில் அவள் புருஷன் அதே நேரத்தில் இருமிக்கொண்டிருந்தார்.

அவர் மாவுக் கொட்டகை ஆள். கழுவுதொட்டிக்கும் கழிப்பறைப் பீங்கானுக்கும் பளபளப்புப் பூசுகிற வெள்ளைப் பொடியை அரைத்துக் கலக்குகிற இடம் அது. ஆலையில் அந்தப் பொடிக்கு 'மாவு' என்று பெயர். பாதி ஆயுசுக்கு மேல் அவர் அந்த மாவில்தான் நின்றார். சாயங்காலம் அவர் வந்தால் புருவம்கூட வெளுத்திருக்கும். தையல்காரம்மா அவர் சட்டையை வாசலில் காற்றுப் பார்த்து உதறுவாள், பிறகு தனியாக ஊற வைப்பாள். தண்ணீர் பாலாக மாறும். பழைய பாவாடைத் துணியை நான்கு மடிப்பாக மடித்து மூக்குக்குக் கவசம் தைத்துக் கொடுத்தாள். தையல் சுத்தமாகத்தான் இருந்தது. மாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இப்போது அவர் இடத்தில் மகன் நின்றான். அவன் சட்டையையும் அவள்தான் உதறினாள்.

ஆலை மருத்துவர் நெஞ்சுச் சளி என்று சிவப்பு மருந்து கொடுத்தார். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் உண்மையைச் சொன்னாள், அதுவும் இவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு. "நுரையீரல் கல்லா இறுகிப் போச்சும்மா. இதுக்கு மேல மருந்துல ஆகாது. கேக்கறதை வாங்கிக் குடுத்து நிம்மதியா வச்சுக்கங்க." வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனிதரிடம், "சளிதானாம், கொஞ்சம் நாளாகுமாம்" என்று அவள் சொன்னாள். அவர் அவள் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, சரி என்றார்.

*

எட்டு மணிக்கு வரிசையில் ஒரு சட்டம் இருந்தது. விளம்பரம் வந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். அடுத்த காட்சி வருகிற வரைக்கும் கதையைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கே விழக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவள் அடுத்த வீட்டுக்காரி. ஆலையில் வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டுகிறவள். குழாயடிச் சண்டை முதல் கொழுந்தன் சண்டை வரை தீர்த்து வைப்பதால் அவளுக்குப் பெயரே பஞ்சாயத்து என்று ஆகிவிட்டது.

"அவ கேஸ் போடக் கூடாது," என்றாள் கடைசி வீட்டம்மா. மேற்பார்வையாளர் மனைவிதான், அவளும் ஒரு நாள் தவறாமல் வருவாள். நாற்காலி அவளுக்கு மட்டும். "இத்தனை வருஷம் சோறு போட்ட இடம். நன்றின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"சோறு போட்டாங்களா? அவன் ஒழைச்சான், கூலி குடுத்தாங்க. இதுல நன்றி எங்கேருந்து வந்துச்சு மேடம்?" என்றாள் பஞ்சாயத்து. "கணக்குப் பாத்தா முதலாளிதான் அவனுக்கு நன்றி சொல்லணும்."

"நல்லாத்தான் பேசற. கேஸ் போட்டா இளையவன் வேலையும் போயிடும். அப்புறம் மூத்தவனுக்கு மருந்து வாங்கறது யாரு, நீயா?"

"வாங்கறேனே. நாடகத்துக்குள்ள போக வழி சொல்லுங்க, நானே வாங்கிட்டுப் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வீட்டம்மாவும் சிரித்தாள். அப்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து லாரி ஓட்டுகிறவர் குரல் வந்தது.

"கேஸெல்லாம் அப்புறம். மொதல்ல அந்தத் தூசி உறிஞ்சற மிஷின ஓட்டச் சொல்லுங்க. கரண்டு அதிகமா இழுக்குதுன்னு நிறுத்தி வச்சிருக்கானுங்க பாவிங்க."

நாடகத்தில் அப்படி ஒரு மிஷினையே காட்டவில்லை. அது இருந்தது, நிறுத்தப்பட்டது எல்லாம் இவர்கள் ஆலையில். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். கடைசி வீட்டம்மாவும் தன் வளையலைத் திருப்பிக்கொண்டே தரையைத்தான் பார்த்தாள்.

"விளம்பரம் முடிஞ்சுது. சவுண்டை வைங்க," என்று அவளே சொன்னாள்.

அன்றைக்குத் தையல்காரம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்தால் லாரிக்காரருக்கு வேலை போகும், எந்த வீட்டில் பேசினார் என்று கேட்டு நம் வீட்டுக்கும் வருவார்கள் என்று பயந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் நடக்கவில்லை. கடைசி வீட்டம்மா வழக்கம்போல வந்து நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல முதலாளி கட்சி பேசினாள்.

இப்படியே அந்த வரிசை பேசப் பழகியது. மூத்தவன் பெண்டாட்டியின் பெயரைச் சொல்லிக்கொண்டு இன்னதுதான் பேசுவது என்றில்லை. உடம்பு முடியாமல் போனவனுக்கு வேலை கொடுத்தவன் எது வரைக்கும் கடமைப்பட்டவன், வீடு கொடுத்தவன் என்பதற்காக வாயையும் வாங்கிக்கொள்ளலாமா, நாலு பேர் பிழைக்க ஒருத்தன் சாகலாமா. விளம்பரத்தில் சோப்புக்காரி குளித்து முடிப்பதற்குள் பேசியாக வேண்டும் என்பதால் எல்லோரும் வழவழா இல்லாமல் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

நாடகம் முடிந்து எல்லோரும் போன பிறகு, தையல்காரம்மா உள்ளே போய்ப் புருஷன் முதுகுக்குத் தலையணை வைத்துக் கஞ்சி கொடுப்பாள். அவருக்குப் படுத்தால் மூச்சு வராது. சாய்ந்துதான் தூங்க வேண்டும். இரண்டு வாய் குடித்துவிட்டு அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"மூத்தவன் பொழைப்பானா?"

"கதையில யாரைங்க சாகடிக்கறாங்க? பொழைச்சுருவான்," என்பாள் அவள்.

"ம்," என்பார் அவர். அவர் நம்பவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அந்தப் பொய்யை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

*

காற்றுக் காலம் வந்தது. வரிசைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் ஆலைக்காரர்கள் கம்பி நட்டார்கள். இரண்டாவது மாவுக் கொட்டகை வரப்போகிறது என்றார்கள். அங்கே வந்தால் காற்று நேராக வீடுகளுக்குள்தான் அடிக்கும். அரசாங்க அதிகாரி வந்து குடியிருப்போரிடம் கருத்துக் கேட்பார் என்று ஆலை வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாமாம்.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று வரிசை முழுக்க முணுமுணுப்பு. எல்லோர் கண்ணும் கடைசியில் தையல்காரம்மா மேல் வந்து நின்றது. யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"அம்மா, நீ போய் ஏதாவது உளறி வைக்காத," என்றான் மகன். குழாயடியில் தலையைக் குனிந்து முடியிலிருந்து மாவைக் கழுவிக்கொண்டிருந்தான். "எனக்கு இந்த வேலை போனா வேற எவன் குடுப்பான்? வீட்டையும் காலி பண்ணச் சொல்வாங்க. அப்பாவ எங்க தூக்கிட்டுப் போறது?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"மூஞ்சியே சொல்லுது."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் அவளைத் தின்றது. பேசினால் மகனுக்குச் சோறு போகும். பேசாவிட்டால் மகனுக்கு மூச்சு போகும். எந்தத் தாய்க்கும் இப்படி ஒரு கணக்கு வரக் கூடாது.

அன்று எட்டு மணியில் மூத்தவன் பெண்டாட்டி ஒருவழியாகக் கூண்டில் ஏறினாள். நீதிபதி பேசச் சொன்னார். அவள் வாயைத் திறந்தாள். விளம்பரம் வந்துவிட்டது. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பஞ்சாயத்து சத்தத்தைக் குறைத்த அந்த நொடியில், உள்ளறையிலிருந்து குரல் வந்தது. இத்தனை மாதத்தில் அந்தச் சபையில் ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

"அவ பேசட்டும்."

வாசற்படியில் நின்ற மகன்தான் பதில் சொன்னான்.

"பேசினா இளையவனுக்கு வேலை போயிடும்ப்பா."

"போவட்டும்." மூச்சு வாங்க நேரம் எடுத்தது. "அவனுக்கு நெஞ்சு மிஞ்சும்ல?"

"வேலையில்லாத நெஞ்ச வச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்?"

"மூச்சு விடுவான்டா," என்றார் அப்பா.

அதற்கு மேல் இருமல் வந்துவிட்டது. தையல்காரம்மா எழுந்து உள்ளே ஓடினாள். கடைசி வீட்டம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். நாடகம் முடிவதற்கு முன்னால் அவள் எழுந்து போனது அன்றைக்குத்தான்.

*

கூட்டம் ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேசைகளைச் சுவரோரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வெயிலில் வந்த களைப்பு மட்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம், மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும் என்றார். பெரிய மனிதர்கள் முதலில் பேசினார்கள். சங்கத் தலைவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. வரிசைப் பெண்களுக்கு மட்டும் இரண்டு நிமிடம் தாராளம். ஒருத்தி தண்ணீர்த் தொட்டி, ஒருத்தி தெருவிளக்கு, ஒருத்தி லாரிச் சத்தம் என்று கச்சிதமாகச் சொல்லி மிச்ச நேரத்தோடு உட்கார்ந்தார்கள். மாவைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. முன்வரிசையில் மேற்பார்வையாளரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் சுவரோரம், ஆலைச் சட்டை போட்ட ஆட்களோடு மகன் நின்றான்.

தையல்காரம்மா எழுந்தாள். எழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள்.

"ஐயா, மூத்தவன் நெஞ்சு போனது மாவாலதான்," என்றாள். "அவன் ஒரு நாள் பீடி தொட்டதில்ல. அந்த ஆலைல தூசி உறிஞ்சற மிஷின் இருந்துச்சு, நிறுத்திட்டாங்க. இப்ப இளையவன் அதே இடத்துல நிக்கறான். இன்னொரு கொட்டகை வேற போடப் போறாங்களாம். அந்தப் பொண்ணு யார்கிட்டப் போய்ச் சொல்லுவா?"

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "யாரும்மா மூத்தவன்?"

இத்தனை மாதம் அந்த ஒரு வழியாகத்தானே அவள் இதையெல்லாம் பேசியிருந்தாள். வேறு வழியில் பேச வாய் வரவில்லை.

"எட்டு மணில வருவானே..." என்றாள்.

ஆலை அலுவலகக்காரர்கள் பக்கம் ஒருவர் சிரித்தார். அது அப்படியே பரவியது. "டிவி நாடகம் சார்," என்று யாரோ அதிகாரிக்கு எடுத்துச் சொன்னார்கள். அவருக்கும் உதடு கோணியது. "அம்மா, அதை வீட்ல பாத்துக்கங்க. இங்க உங்க ஊர் விஷயம் மட்டும்தான் பேசணும். அடுத்து யாரு?"

வரிசை ஆட்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் கடைசி வீட்டம்மாவும் சிரிக்கவில்லை. அவள் திரும்பித் தையல்காரம்மாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. விளம்பர நேரத்தில் பஞ்சாயத்து ஒரு கேள்வி கேட்டு, அவள் பதில் தேடும்போது வருமே, அந்த முகம்தான்.

"இன்னும் மணி அடிக்கலீங்களே," என்றாள் தையல்காரம்மா.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சொல்லுங்க. ஆனா யாரைப் பத்திச் சொல்றீங்களோ பேரோட சொல்லுங்க. பேர் இல்லாம என்னால எழுத முடியாது."

பின்சுவரில் மகன் நிமிர்ந்தான். அவன் தலையை இடவலமாக அசைத்ததை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவர் என் புருஷன்." பெயரைச் சொன்னாள். தகப்பன் பெயரையும் சேர்த்து, எந்தக் கொட்டகை, எந்த வேலை என்று சொன்னாள். "நுரையீரல் கல்லாயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாங்க. பொழைக்க மாட்டார்னும் சொன்னாங்க. இதை நான் அவர்கிட்டயே இன்னும் சொல்லலைங்க. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன். அவர் எடத்துல இப்ப என் பையன் நிக்கறான்."

மகன் பெயரையும் சொன்னாள். மணி அடித்தது. அது தேவையே இல்லை.

பிறகு பஞ்சாயத்து எழுந்து தூசி மிஷினைப் பற்றிச் சொன்னாள், எப்போது நிறுத்தினார்கள், யார் நிறுத்தச் சொன்னார்கள் என்பது வரைக்கும். லாரிக்காரர் எழுந்தார். கிடந்து இருமுகிற தன் அண்ணனைப் பற்றி ஒரு பெண் எழுந்து சொன்னாள். வேறு பலர் எழுந்திருப்பார்கள் என்று நினைத்தால் அது நாடகம். மீதிப் பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, முடிவு பிறகு வரும் என்று சொல்லிக் கிளம்பினார்.

வாசலில் மேற்பார்வையாளர் நின்றார். "வீடு ஆலையோடதும்மா," என்றார். "ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்குங்க," என்றாள் அவள்.

மகனைத் தேடினாள். அவன் எப்போதோ போயிருந்தான்.

*

வீட்டுக்கு வரும்போது எட்டு மணி தொடங்கியிருந்தது. அறையில் அன்றைக்கு யாரும் இல்லை. துணி மூட்டைகள் மட்டும் கிடந்தன. மகன் அப்பாவுக்கு முன்னதாகவே கஞ்சி கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்க்கவில்லை. உள்ளறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் சாய்ந்தபடி அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டில் ஏறினவள் கண்ணீர் விட்டுக்கொண்டு பேசினாள், பின்னால் பெரிய வாத்திய இசை.

தையல்காரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், பழக்கதோஷத்தில், "அவ பேசிட்டாளுங்க" என்றாள்.

"அதை அணை," என்றார் அவர்.

அவள் எழுந்து அணைத்தாள். திரை இருண்டதும் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"என் பேரைச் சொன்னியாமே?"

மகன் சொல்லியிருக்கிறான். "சொன்னேங்க."

"எல்லாருக்கும் கேட்டுதா?"

"கேட்டுது."

அவர் அவள் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் இருந்தது பயம். இத்தனை நாள் அவர் அதைக் காட்டியதே இல்லை.

"நான் பொழைப்பேனா?"

அவர் தன்னைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கதையில யாரைங்க சாகடிக்கறாங்க என்று சொல்ல இப்போது கதை இல்லை. அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நகக்கண்ணில் இன்னும் வெள்ளை போகவில்லை.

"இல்லைங்க," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும் என்று கவலைப்படாமல் அழுதாள். அவரும் அழுதார். அழ மூச்சுப் போதாமல் நடுவில் நிறுத்தி நிறுத்தி அழுதார். கூட்டத்தில் அவளைப் பார்த்துச் சிரித்த அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து அழ முடிந்தது.

அப்புறம் அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். "அவனை நாளைக்கு அங்க அனுப்பாத."

"அனுப்பலைங்க."

மகன் எழுந்து உள்ளே வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வீங்கியிருந்தது. "நான் போகலைன்னா அந்த எடத்துக்கு வேற எவனாவது வருவான்ப்பா. மேல்வரிசையில ரெண்டு பேரு இப்பவே கேட்டு வச்சிருக்கானுங்க."

அவர் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வெகு நேரம் ஆயிற்று. இருவரும் காத்திருந்தார்கள்.

"அப்ப அவனுங்க வீட்டுக்குப் போ," என்றார். "என்னைப் பத்திச் சொல்லு. பேரோட சொல்லு."

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினான்.